ஆர் செய்தது?

பழுதான வாகனத்தைக் கொண்டுபோனால் மற்ற மெக்கானிக்மார் "என்ன நடந்தது?" என்று கேட்பார்கள். அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. "ஆர் செய்தது?" என்றுதான் கேட்பார்.

என்ஜின் இரைந்தாலும் பிரேக் பிடிக்காவிட்டாலும் பற்றரி செத்திருந்தாலும் அந்த ஒரு கேள்விதான். கேட்டுவிட்டு, கொண்டுவந்தவனின் முகத்தைப் பார்ப்பார். பொனற்றைத் திறப்பது அதற்குப் பிறகு. "இரும்பு தன்ரபாட்டில பழுதாகாது. ஆரோ ஒருத்தன் பழுதாக்கிறான்" என்பார். அந்த ஒருத்தன் அகப்பட்டால் அடிப்பார்.

அவர் கையால் அடிவாங்கிய பலரை எனக்குத் தெரியும். கடைசியாக அடிவாங்கியவன் ஒரு பிழையும் செய்யாதவன். பிழை செய்தவன் நான். இத்தனை வருடங்கள் கழித்து, வைத்தியர்கள் என் இருதயத்தைப் பற்றித் தணிந்த குரலில் கதைக்கத் தொடங்கிய பிறகு இதை எழுதுகிறேன். தைரியம் வந்து எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கனடாவில், மொன்றியல் நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில், ஒரு இத்தாலியக் கிழவருடைய மூன்றுமாடி வீட்டின் பின்சந்தில் இருந்த தகரக் கதவுக் கராஜ்தான் அவருடைய இடம். ஆள் குள்ளம். தோளில் இருந்து தலை நேரே முளைத்த மாதிரி இருக்கும். வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் மடங்காது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கும்போதுகூட அவை எதையோ சுட்டிக்காட்டுவது போல நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கையால்தான் அடிப்பார். விரல் மடங்காததால் குத்து விழாது. அறைதான் விழும். வாங்கியவன், குத்தென்றால் பரவாயில்லையே என்று நினைப்பான்.

நான் அவரைவிட வயதில் மூத்தவன். ஊரில் பட்டதாரி ஆசிரியனாக உயர்வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவன். என்றாலும் எல்லோரையும் போல நானும் அவரை "அண்ணை" என்றே கூப்பிட்டேன். அவர் என்னை "மாஸ்டர்" என்பார். அதில் மரியாதையும் இருந்தது, நக்கலும் இருந்தது. "மாஸ்டருக்கு அட்சரகணிதம் தெரியும், அச்சாணி தெரியாது" என்று என் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பார்.

உணவகத்தில் கோப்பை கழுவும் பொடியன் ஒருவன், என்ஜினில் எண்ணெய் குறைந்துவிட்டதென்று கோழி பொரித்த எண்ணெயை வடித்து ஊற்றிவிட்டான். "எண்ணெய் எண்ணெய்தானே அண்ணை" என்றான். அறைந்த அறையில் அவனுடைய மூக்குக்கண்ணாடி சந்தின் அடுத்த பக்க வேலியில் போய்த் தொங்கியது. அதன் பிறகு அந்த என்ஜினைக் கழற்றி, குழந்தையைக் கழுவுவது போல மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பூட்டிக் கொடுத்தார். கண்ணாடியையும் தானே எடுத்துவந்து, வளைந்த காலை நிமிர்த்தி, பொடியனின் காதில் மாட்டிவிட்டார். பொடியன் அழுதுகொண்டே நன்றி சொன்னான்.

இன்னொரு சம்பவம். தவறணையில் குடித்துவிட்டு வெறியோடு வரும் ஒருவன், எங்களைப் போன்ற அகதிகளைக் கண்டால் காறித் துப்புகிறவன், எங்கள் வாகனங்களின் ரயர்களைக் கத்தியால் கீறிக்கொண்டு திரிந்தான். அண்ணை அவனைச் சந்துக்குள் வைத்துப் பிடித்தார். கத்தக்கூட இல்லை. அவனுடைய கையை எடுத்துக் கார்க்கதவின் இடைவெளியில் வைத்தார், கதவைச் சாத்தினார். பச்சைக் கரட்டை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு கதவைத் திறந்து கையை வெளியே எடுத்துவிட்டார்.

அந்தச் சத்தத்தை நாங்கள் மாதக்கணக்கில் கொண்டாடினோம். பிறந்தநாள் விழாக்களில் கரட்டை எடுத்து முறித்துக் காட்டிச் சிரித்தோம். நானும் முறித்திருக்கிறேன். வேலைத்தளத்திலும் பேருந்திலும் குடிவரவு அலுவலக வரிசையிலும் குனிந்துகொண்டு நின்ற எங்களுக்காக, நிமிர்ந்து அடிக்க ஒருவர் இருந்தார். அது எங்களுக்குப் பிடித்திருந்தது. அவருடைய கையில் நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு விரலாக இருந்தோம். அண்ணை அடித்தால் அவன் செய்திருப்பான் என்பது எங்களுக்குள் ஒரு சட்டம் போல ஆகியிருந்தது.

அவருடைய அகதி வழக்குக்குச் சட்டத்தரணியிடம் மொழிபெயர்க்கப் போனவன் நான்தான். ஊரில் இராணுவம் பிடித்துக்கொண்டுபோய் முகாமில் வைத்து என்ன கேட்டது என்று சட்டத்தரணி கேட்டார். "பாலத்துக்குக் குண்டு வைச்சது ஆரெண்டு கேட்டவங்கள்" என்றார் அண்ணை.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

மடங்காத விரல்களை மேசைக்குக் கீழே இறக்கி வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

இனி பிக்கப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய பிக்கப் வாங்கியிருந்தோம். அண்ணை, நான், ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்கும் தவம், பிறகு கிங்ஸ்லி. கிங்ஸ்லி மட்டக்களப்பான், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், முப்பது வயதிருக்கும். ஊரில் லொறி ஓட்டியவன். எங்களில் உண்மையாக வாகனம் ஓட்டத் தெரிந்தவன் அவன் மட்டும்தான். மற்ற மூவரும் யாழ்ப்பாணம். மட்டக்களப்பார் மந்திரம் போட்டு, வந்த விருந்தாளியைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது எங்கள் பக்கத்துப் பழைய பேச்சு. தவம் அதை வைத்து அவனை விடமாட்டான். "கிங்ஸ்லி வீட்டில பாயில இருக்காதேங்கோ, ஒட்டிப்போடுவியள்" என்பான். கிங்ஸ்லியும் சளைத்தவனில்லை. "ஒங்கள ஒட்டவெச்சி நான் என்ன செய்ய? சோறு போடவே கட்டாது" என்பான்.

சந்தையில் பெட்டி ஏற்றுவோம், புதிதாக வருகிற சனத்துக்குக் கட்டில் மெத்தை காவுவோம். ஆனால் நாங்கள் காத்திருந்தது யூலை முதலாம் திகதிக்கு. அன்றைக்கு வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து இந்த நகரம் முழுக்க வீடு மாறும். குளிர்பெட்டியும் சோபாவும் தெருவில் நிற்கும். பிக்கப் வைத்திருப்பவன் அன்றைக்கு ராசா. அதற்கு ஒரு கிழமை முன்னதாக, கராஜ் சொந்தக்காரரான இத்தாலியக் கிழவர் ஒரு உதவி கேட்டார். அவரிடம் ஒரு காம்பர் இருந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, கழுவுதொட்டி எல்லாம் வைத்து, சக்கரம் பூட்டிய குட்டி வீடு. அதை வடக்கே மலைப்பக்கத்து ஏரிக்கரைக்கு இழுத்துக்கொண்டுபோய் விடவேண்டும். மறுக்க முடியாது. கராஜில் நாங்கள் இருப்பதே அவருடைய தயவில்தான். கிங்ஸ்லி ஓட்ட, கிழவரோடு ஆங்கிலம் கதைக்க நான் போனேன்.

அதற்கு முன், ஜனவரியில் நான் செய்த காரியத்தைச் சொல்லவேண்டும். லாசாலில் மின்விளக்குத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. பிக்கப்பை எடுத்துக்கொண்டு போகிற நாட்களில் குளிர் கால்விரலைக் கடித்து இழுக்கும். ஹீட்டர் சூடாகாது. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கடுதாசிப்பெட்டி மட்டை வைத்தால் குளிர்காற்றை மறிக்கும், என்ஜின் கெதியாகச் சூடாகும் என்று சந்தைக்கு லொறி கொண்டுவரும் ஒரு கியூபெக்காரன் காட்டித் தந்தான். அண்ணையிடம் கேட்டேன்.

"மட்டை வைக்கிறது பிழையில்லை, மாஸ்டர். எடுக்க மறக்கிறதுதான் பிழை. மறக்கிறவன் வைக்கப்படாது" என்றார். என் மறதி எல்லோருக்கும் தெரிந்தது. கதை அதோடு முடிந்தது.

நான் முடிக்கவில்லை. வாழைப்பழப் பெட்டி ஒன்றின் மட்டையை வெட்டி, முன் கிராதிக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் கீழ்ப்பக்கமாகச் செருகி, தொழிற்சாலையில் இருந்து கொண்டுவந்த சிவப்பு உறை போட்ட கம்பியால் கட்டினேன். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. அந்தச் சிவப்புக் கம்பி என்னுடைய அடையாளம். துணிக்கொடி, பெட்டி, உடைந்த கைப்பிடி, எல்லாவற்றையும் அதனால்தான் கட்டுவேன். "மாஸ்டற்ற பூணூல்" என்று தவம் பகிடி பண்ணுவான்.

பனி கரைந்தது. வசந்தம் வந்தது. நான் மறந்துவிட்டேன்.

நகரத்துக்குள் குறுகிய ஓட்டம், பெரிய பாரமில்லை. அதனால் ஒன்றும் தெரியவில்லை. அந்த யூன் மாதச் சனிக்கிழமை, நல்ல வெயிலில், காம்பரைப் பின்னால் கொழுவிக்கொண்டு மலை ஏறும்வரை தெரியவில்லை.

கிங்ஸ்லி அன்று நல்ல சந்தோசத்தில் இருந்தான். "இந்தச் சனத்துக்கு ஒரு விசர் மாஸ்டர். நாம வீட்ட விட்டுப்போட்டு ஓடி வந்தம். இவங்க வீட்டயே காவிக்கிட்டு ஓடுறாங்க" என்றான். கண்ணாடியில் அடிக்கடி காம்பரைப் பார்த்தான். அவனுடைய மனைவியை அழைப்பதற்கான அலுவல் நடந்துகொண்டிருந்தது. "அவள் வந்தா இப்பிடி ஒரு பெட்டிக்குள்ளயே இரிக்கலாம். வாடகையும் இல்ல, மாமியும் இல்ல" என்றான்.

ஏற்றம் தொடங்கி நீண்டுகொண்டே போனது. அவன் சிரிப்பை நிறுத்தினான்.

"மாஸ்டர், ஊசி ஏறுது. செவப்புக்குக் கிட்டப் போயிட்டு. கரையில நிப்பாட்டி ஆறவிடுவமா?"

கிழவர் தன் காரில் முன்னுக்குப் போய்விட்டார். காத்திருப்பார். கராஜுக்காக அவரிடம் நல்ல பெயர் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு. எனக்குத் தெரியாத விஷயத்தில் தெரிந்தவன் போலக் கதைப்பது என் தொழிலில் வந்த வியாதி.

"அது பழைய ஊசி. அப்பிடித்தான் காட்டும். போ" என்றேன்.

"அண்ணன் கேட்டா?"

"நான் சொல்லிக்கொள்ளுறன்."

அவன் போனான்.

ஏரிக்கரையில் நிறுத்தியபோது முன்பக்கம் புகைந்தது. ரப்பரையும் சீனியையும் சேர்த்து எரித்தது போல ஒரு மணம். கிங்ஸ்லி வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடினான். நான் கிராதி வழியாகக் குனிந்து பார்த்தேன். உள்ளே வாழைப்பழப் படம் தெரிந்தது.

அந்த நிமிடத்தில் "ஐயோ, நான் மறந்துபோனன்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கிங்ஸ்லி சிரித்திருப்பான். ஆனால் எனக்கு அண்ணையின் நீட்டிய விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. மட்டையைப் பிடுங்கினேன். கம்பி அறுந்தது. அங்கே குப்பை எரிக்கிற இரும்புப் பீப்பா ஒன்றில் தணல் கிடந்தது. மட்டையை மடித்து அதற்குள் போட்டேன். கிங்ஸ்லி வாளியோடு வரும்போது நான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது காம்பரும் இல்லை, பாரமும் இல்லை. ஆனாலும் பிக்கப் இழுக்கவில்லை. மிதித்தால் என்ஜின் அலறும், வண்டி நகராது. "எருமை நித்திரையில நடக்கிற மாதிரிப் போகுது" என்றான் கிங்ஸ்லி. பிறகு வீடு வரும்வரை ஊசியையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

திங்கட்கிழமை காலை அண்ணை வண்டியை எடுத்துக்கொண்டுபோய், ரயில் பாதைக்குக் கீழால் இறங்கி ஏறுகிற தெருவில் ஓட்டிப் பார்த்தார். மற்றப் பக்கம் ஏற முடியாமல் பின்னால் வந்த பேருந்து ஹோர்ன் அடித்ததாம். கறுத்த முகத்தோடு திரும்பி வந்தார். வேலை தொடங்கினார். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார், நல்லது. பெற்றோல் வடியை ஊதிப் பார்த்தார், அடைப்பில்லை. காபரேற்றரைத் திறந்து மூடினார். புகைக்குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், மூச்சு வந்தது. ஒவ்வொன்றும் நல்லதாக இருக்க இருக்க அவருடைய கோபம் கூடிக்கொண்டு போனது. என்ஜினைத் தட்டித் தட்டி, "சொல்லு. சொல்லடா" என்றார். அவர் இயந்திரங்களோடு அப்படித்தான் கதைப்பார்.

கடைசியில் கியர்பெட்டியின் அளவுக்கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார். சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய் கடுந்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. மணந்தார். அந்தத் துணியைக் கொண்டுபோய்க் கிங்ஸ்லியின் மூக்குக்குக் கீழே பிடித்தார்.

"என்ன மணக்குது?"

"கருகின மணம், அண்ணன்."

"கியர்பெட்டி வெந்துபோச்சு. அதின்ர எண்ணெயும் ரேடியேட்டருக்குள்ளாலதான் ஓடி ஆறுறது. உள்ளுக்குப் பிடிக்கிற தட்டுகள் வழுக்குது. சூடு ஏறினது தெரியாமல் இது நடக்காது. ஆர் செய்தது?"

கிங்ஸ்லி என்னைப் பார்த்தான். 'நான் சொல்லிக்கொள்ளுறன்' என்று சொன்னவனல்லவா நான். தவமும் அங்கே நின்றான். கதவு திறந்திருந்தது. காலை வெயில் தரையில் எண்ணெய்க் கறைவரை வந்திருந்தது.

அண்ணையும் என்னைப் பார்த்தார். "மாஸ்டர், நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள். ஊசி ஏறினதோ?"

"நான் நித்திரையாய்ப் போனன், அண்ணை" என்றேன். "எனக்குத் தெரியாது."

கிங்ஸ்லி சிரித்துவிட்டான். நம்ப முடியாத ஒன்றைக் கேட்டால் வருகிற, மூச்சு மாதிரியான ஒரு சிரிப்பு.

"சிரிக்கிறியோ?" என்றார் அண்ணை. முதல் அறை அவனுடைய இடது காதில் விழுந்தது.

அவன் ரயர் அடுக்கின்மேல் சாய்ந்து, திரும்ப எழும்பி, "மாஸ்டர், நடந்தத நீங்க செல்லுங்களன்! செல்லுங்க மாஸ்டர்!" என்றான். நான் நிலத்தைப் பார்த்தேன். அதே காதில் மறுபடி விழுந்தது. தவம், "மட்டக்களப்பானை நம்பி வண்டியைக் குடுத்தால் இப்பிடித்தான்" என்றான். அந்தச் சொல் எனக்கு உதவியாக இருந்தது. அதை நான் இங்கே மறைக்கக்கூடாது. அதைக் கேட்டதும், குற்றவாளி யாரென்று தீர்ந்துவிட்டது போல எனக்கே ஒரு ஆறுதல் வந்தது.

அண்ணை சுவரில் தொங்கிய பழைய ஃபான் பெல்ட்டை எடுத்தார். ரப்பர்ப் பட்டி, உட்பக்கம் பல் வைத்தது. கிங்ஸ்லி முகத்தை மறைத்த கையில் அது விழுந்தது. முழங்கைக்குக் கீழே தோல் பல் பல்லாகப் பிய்ந்தது. ஒவ்வொரு அடிக்கும் இடையில் அதே கேள்வி. குரல் உயரவே இல்லை. பிள்ளைக்கு வாய்ப்பாடு கேட்பது போலக் கேட்டார். "ஆர் செய்தது? ஆர் செய்தது?" கிங்ஸ்லியின் கால்கள் மடிந்தன. காதில் இருந்து இரத்தம் சட்டைக் கழுத்துக்கு இறங்கியது. அவன் என்னைக் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தான்.

"ஓம்" என்றான். "நான்தான். ஊசி ஏறினது. நான்தான் நிப்பாட்டாம ஓட்டின."

திறப்பைத் திருப்பி என்ஜினை நிறுத்தியது போல அண்ணை நின்றுவிட்டார். பெல்ட்டைத் திரும்ப ஆணியில் மாட்டினார். போத்தலில் தண்ணீர் எடுத்துவந்து, கிங்ஸ்லியின் பிடரியைத் தாங்கிக் குடிக்கக் கொடுத்தார். "முதலே சொல்லியிருக்கலாமே, மனிசா" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவோமா என்று தவம்தான் கேட்டான். அவனுக்கே பயம் பிடித்துவிட்டது. வேண்டாம் என்றேன் நான். அங்கே ஆர் செய்தது என்று கேட்பார்கள், பொலிஸ் வரும், எல்லோருடைய வழக்கும் கெடும் என்று விளக்கினேன். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஏற்றுக்கொண்டார்கள். காதில் பஞ்சு வைத்து அவனை அவனுடைய அறையில் கொண்டுபோய் விட்டோம்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நான் வேலைக்குக் கிளம்பும் நேரம் அண்ணை என் வீட்டுக் கதவைத் தட்டினார். கைநிறைய எண்ணெய். மேசையில் எதையோ வைத்தார். சிவப்பு உறை போட்ட கம்பித் துண்டு, முறுக்கிய முறுக்கு அவிழாமல் இருந்தது.

"ரேடியேட்டரைக் கழுவக் கழற்றினனான்" என்றார். "ஓரமெல்லாம் பூச்சி அடிச்சுக் காய்ஞ்சு கறுப்பாய்க் கிடக்கு. நடுவில சதுரமாய்ச் சுத்தம். திரும்பி வரேக்க அடிச்ச பூச்சி மட்டும் அங்கொண்டு இங்கொண்டு. மட்டை இருந்திருக்கு. போகேக்க இருந்தது, வரேக்க இல்லை."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி வரும் என்று கழுத்தை இறுக்கிக்கொண்டேன். வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் கதவடியில் நின்றார்.

"சப்பாத்தைப் போடுங்கோ, மாஸ்டர். போவம்."

பேருந்தில் போனோம். அவருடைய மடியில் ஒரு கடுதாசிப் பை இருந்தது. இந்த நகரத்து வீடுகளுக்கு வெளியே வளைந்து ஏறுகிற இரும்புப் படிகளில் ஏறி, கிங்ஸ்லியின் அறைக்குப் போனோம். அவன் மெத்தையில் சுவரோடு சாய்ந்து இருந்தான். கை வீங்கிப் பளபளத்தது. எங்களைக் கண்டதும் நல்ல கையால் முகத்தை மறைத்தான்.

அண்ணை அவன் முன்னால் தரையில் முழங்காலில் உட்கார்ந்தார். பையில் இருந்து அந்த ஃபான் பெல்ட்டை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

"நீ செய்யேல்லை. எனக்குத் தெரியும்" என்றார். "ரேடியேட்டரில மட்டை இருந்தது. குளிருக்கு வைச்ச மட்டை. அதாலதான் வெந்தது. ஆர் செய்தது எண்டு நீ கேள்."

"என்னத்துக்கு அண்ணன்? விடுங்க. போங்க."

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் கேக்கேல்லை, மாஸ்டர். அவனுக்குச் சொல்லுங்கோ."

இதைவிட இலகுவான பரீட்சை எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. விடை தெரியும், கேட்கிறவரும் அடிக்கப்போவதில்லை. நான் வாயைத் திறந்தேன். "சூடேறுறதுக்கு... பல காரணம் இருக்கலாம்" என்றேன்.

 அண்ணை கிங்ஸ்லியின் பக்கம் திரும்பினார்.

"மட்டை வைச்சது நான்" என்றார். "எடுக்க மறந்துபோனன். தெரிஞ்சுகொண்டுதான் உன்னை அடிச்சனான். இப்ப நீ அடி."

கிங்ஸ்லியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். முதல் அடி தயக்கமாக, தோளில் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில். அதன் பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. எழும்பி நின்று அடித்தான். பற்கள் வைத்த ரப்பர் அண்ணையின் நெற்றியைக் கிழித்தது, உதட்டைக் கிழித்தது, ஒரு முறை கண்ணில் பட்டது. "ஒனக்குத் தெரியும்! ஒனக்குத் தெரியும்!" என்று கத்தினான். அண்ணை கையை உயர்த்தவில்லை. அந்த இரண்டு விரல்களும் தரையில் ஊன்றியபடி நீட்டிக்கொண்டு இருந்தன. நான் கதவடியில் நின்றேன். ஒரு எட்டு வைத்தால் அந்தக் கையைப் பிடித்திருக்கலாம். கிங்ஸ்லி களைத்து விழுந்து அழத் தொடங்கியபோதுதான் அது நின்றது.

இறங்கும்போது இரும்புப் படியின் நடுவில் அண்ணை உட்கார்ந்துவிட்டார். இரத்தம் வடிந்து ஒரு கண் மூடியிருந்தது. என் கைலேஞ்சியை நீட்டினேன். வாங்கவில்லை.

"அங்க, முகாமில, நான் ஒரு பேர் சொன்னனான், மாஸ்டர்" என்றார். "சட்டத்தரணியிட்டப் பொய்தான் சொன்னனான். குண்டு வைச்சது ஆரெண்டு எனக்குத் தெரியாது. ரண்டு விரலும் முறிஞ்ச பிறகு ஒரு பேர் வாயில வந்தது. பக்கத்து வளவுப் பொடியன். அவன் ஒண்டும் செய்யேல்லை. கொண்டுபோனாங்கள், வரேல்லை. கிங்ஸ்லி 'ஓம்' எண்டு சொன்னவன் எல்லே, அந்த ஓமை எனக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும். தெரிஞ்சும் விட்டுட்டன்."

"அண்ணை, என்னை அடியுங்கோ" என்றேன். உண்மையாகவே கெஞ்சினேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன்.

சிரித்தார். கிழிந்த உதடு இன்னும் கிழிந்தது.

"அடிச்சால் சொல்லிப்போடுவியள். சொன்னால் உங்களுக்குச் சுகமாய்ப் போயிடும்" என்றார். கைப்பிடியைப் பிடித்து எழும்பித் தன்பாட்டில் இறங்கிப் போனார்.

யூலை முதலாம் திகதி பிக்கப் ஓடியது. புது எண்ணெய் ஊற்றி, தட்டுகளை இறுக்கி, முன்போல் இல்லாவிட்டாலும் ஓடக்கூடியதாக அவர் திருத்தி நிறுத்தியிருந்தார். அவர் வரவில்லை. நானும் தவமும் நாள் முழுக்கக் குளிர்பெட்டி காவினோம். அந்தக் கோடையிலேயே அவர் ரொறன்ரோப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது என்றும், மெக்கானிக் வேலையை விட்டுவிட்டார் என்றும் கேள்வி. அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

கிங்ஸ்லி இங்கேதான் இருக்கிறான். மனைவி வந்து, பிள்ளைகள் வளர்ந்து, பேரப்பிள்ளைகளும் ஆகிவிட்டது. இடது காது அன்றோடு போய்விட்டது. கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் சந்திப்போம். யாராவது காதைப் பற்றிக் கேட்டால் அண்ணையைப் பற்றிச் சொல்வான். "தான் செய்த பிழைக்கு என்னப் போட்டு அடிச்ச நாய்" என்பான். "மாஸ்டர் பக்கத்தில நிண்டவர், கேட்டுப்பாருங்க" என்பான். கராஜில் நான் சொன்ன நித்திரைப் பொய்யை அவன் ஒருபோதும் வெளியே சொன்னதில்லை. அண்ணைக்கு நானும் பயந்தேன், பயத்தில் சொன்னேன் என்று மன்னித்துவிட்டான். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையாட்டுவேன்.

நான் எப்போதும் அவனுடைய இடது பக்கத்தில்தான் இருப்பேன். பந்தியிலும் அப்படித்தான், சேர்ச் மண்டபத்திலும் அப்படித்தான். சத்தம் கூடியிருக்கும் நேரம் பார்த்து, அந்தச் செத்த காதுக்குக் கிட்டக் குனிந்து, உண்மையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவன் என் உதடு அசைவதைக் கண்டு "ஓம் மாஸ்டர், ஓம்" என்று மரியாதைக்குத் தலையாட்டுவான். அந்த ஓமை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டிருக்கிறேன்.

இது அச்சாகிற இந்தத் தமிழ் இதழ் அவன் வீட்டுக்கும் போகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம்வரை வாசிப்பான்.

கிங்ஸ்லி, மட்டையைக் கட்டினது நான். ஊசி ஏறியபோது 'போ' என்றதும் நான். நீ தண்ணீர் எடுக்கப் போன நேரம் அதைத் தணலுக்குள் போட்டதும் நான். அண்ணை செய்யவில்லை.